ஆன்டெனா டியூனர்: இசைப்பதா, இயைப்பதா?

உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக அலைவழிப் பேசும் ஹாம் வானொலியில் இன்று புழங்கும் டிரான்ஸீவர்கள் (அனுப்பவும் வாங்கவும் செய்யும் கருவிகள்) பலவற்றின் முகப்பில் 'டியூனர்' என்று எழுதிய சிறு பொத்தான் ஒன்று இருக்கும். ஐகாம் ஐசி-7300 கருவியில் அதை ஒரு நொடி அழுத்திப் பிடித்தால், உள்ளே ரிலேக்கள் என்னும் மின்சுவிட்சுகள் படபடவென்று அடித்து ஓய்கின்றன. அனுப்பிய அலை எந்த அளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் நிலையலை விகிதம், அதாவது எஸ்.டபிள்யூ.ஆர்., சரிந்து, முழுப் பொருத்தத்தைக் குறிக்கும் ஒன்றை ஒட்டி வந்து நிற்கிறது. "ஆன்டெனா டியூன் ஆகிவிட்டது" என்று சொல்லிவிட்டுப் பேசத் தொடங்குகிறோம். ஆனால் மொட்டை மாடியில் கட்டியிருக்கும் கம்பியில் அந்த நேரத்தில் எதுவுமே மாறவில்லை. இந்தக் கருவிக்குத் தமிழ்ப்பெயர் வைக்கப் புகுமுன், அதன் ஆங்கிலப் பெயரே செயலைத் தவறாகச் சொல்கிறது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

'ஆன்டெனா' லத்தீன் சொல். கப்பலில் பாயைத் தாங்கும் குறுக்கு மரத்தை, நம் கடற்கரை மக்கள் பருமல் என்பதை, அது குறித்தது. கிரேக்கத்தில் அதே மரத்துக்கு வழங்கிய சொல்லுக்குக் கொம்பு என்ற பொருளும் இருந்ததால், 15-ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலின் விலங்கியல் நூலை லத்தீனில் பெயர்த்த தியோடோர் காசா, பூச்சிகளின் கொம்புகளுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். வானொலிக்கு அது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வந்து சேர்ந்தது.

'டியூன்' என்பதன் வேர் 'டோனோஸ்' என்னும் கிரேக்கச் சொல். இழுத்து விறைப்பாக்குதல் என்பது அதன் பொருள். வீணையின் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்ப்பவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஆலிவர் லாட்ஜ் 1897-இலும், மார்க்கோனி 7777 என்ற எண் பெற்ற புகழ்மிக்க காப்புரிமையின் வழியாக 1900-இலும், அனுப்பும் சுற்றையும் வாங்கும் சுற்றையும் ஒரே அதிர்வெண்ணுக்குக் கொண்டுவரும் முறையை நிறுவியபோது, இசையிலிருந்து எடுத்த அந்தச் சொல் மிகப் பொருத்தமாகவே இருந்தது. அன்று ஆன்டெனாவும் அதன் சுருளும் ஒரே சுற்றின் உறுப்புகள். சுருளைத் திருகினால் ஆன்டெனாவே உண்மையில் சுருதி சேர்ந்தது.

பொருள் பிசகியது பின்னர்தான். வால்வு ஒலிபரப்பிகளில் 'பிளேட்', 'லோடு' என்று இரண்டு குமிழ்கள் இருக்கும். ஆன்டெனா சற்று முரண்டினாலும் அவற்றைத் திருகி ஆற்றலை வெளியே தள்ளிவிடலாம். டிரான்சிஸ்டர் வந்தபின் அந்தக் குமிழ்கள் போயின. வெளியீடு 50 ஓம் என்று நிலைப்படுத்தப்பட்டது. எதிரே இருக்கும் மின்னெதிர்ப்பு (ஆங்கிலத்தில் இம்பீடன்ஸ்) அதிலிருந்து விலகினால், இறுதிக்கட்ட டிரான்சிஸ்டர்களைக் காப்பதற்காகக் கருவி தானே ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும். இந்தக் குறையை ஈடுகட்டவே 1980-களில் தானியங்கி டியூனர் டிரான்ஸீவரின் பெட்டிக்குள் குடியேறியது. மின்தூண்டிகளையும் மின்தேக்கிகளையும் ரிலேக்களால் சேர்த்தும் விலக்கியும், எதிரே வரும் மின்னெதிர்ப்பை டிரான்ஸீவருக்கு 50 ஓம் போலத் தோன்றச் செய்வதே அதன் வேலை. ஐசி-7300-இன் உள்டியூனருக்குக் குறிக்கப்பட்ட எல்லை 16.7 முதல் 150 ஓம் வரை. ஐம்பதை மூன்றால் வகுத்தும் பெருக்கியும் பார்த்தால் அந்த எண்கள் கிடைக்கும். 3:1 என்ற நிலையலை விகிதத்துக்குள்தான் அது பணிபுரியும் என்பதே இதன் பொருள்.

பெயர் எவ்வளவு தூரம் வழிதவற வைக்கும் என்பதை ஒரு கணக்கில் காட்டலாம். டிரான்ஸீவரை ஆன்டெனாவோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிள் ஒன்று முழுப் பொருத்தத்தில் 2.5 டெசிபல் இழப்பதாகவும், அதன் மறுமுனையில், 10:1 விகிதம் காட்டும் மோசமான ஆன்டெனா இருப்பதாகக் கொள்வோம். திரும்பி வரும் அலையும் அதே கேபிளில் தேய்ந்துதான் வரவேண்டும் என்பதால், டிரான்ஸீவரின் முனையில் விகிதம் ஏறத்தாழ 2.7:1 என்றே தெரியும். இது உள்டியூனரின் எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. பொத்தானை அழுத்தியதும் 1:1 என்று காட்டி, கருவி முழு 100 வாட்டையும் மகிழ்ச்சியோடு அனுப்புகிறது. ஆன்டெனாவைச் சென்றடைவதோ சுமார் 24 வாட். பொருந்திய ஆன்டெனாவாக இருந்தால் 56 வாட் சென்றிருக்கும். "டியூன் ஆகிவிட்டது" என்று நம்பியவர் மாடி ஏறிப் பார்க்கவே மாட்டார். புதிதாக உரிமம் பெற்ற நண்பர்கள் இதில் ஏமாறுவதைக் காணும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

இனித் தமிழ். ஆன்டெனாவுக்கு 'அலைவாங்கி' என்ற சொல் வழங்குகிறது. வானொலி கேட்பவருக்கு அது சரி, அலையை அனுப்பவும் செய்யும் ஹாமுக்கு அது பாதிச் சொல்தான். 'உணர்கொம்பு' பூச்சிக்கே இருக்கட்டும். நீட்டிக் கட்டும் டைபோல் என்னும் கம்பி ஆன்டெனாவை மனத்தில் கொண்டு 'அலைக்கம்பி' என்பதையே நான் எழுதுகிறேன். டியூனருக்குச் 'சுருதி கூட்டி', 'ஒத்திசைப்பி' என்றெல்லாம் அமைக்கலாம்தான். ஆயினும் ஆங்கிலத்தின் பிழையைத் தமிழிலும் நட்டு வளர்ப்பதாகவே அது முடியும். 'பொருத்தி' செயலுக்கு நெருங்கி வருகிறது என்றாலும், ஆணியில் மாட்டுவதும் திருகில் முடுக்குவதும்கூடப் பொருத்துதல்தான். 'இயைவி' என்பதே என் தேர்வு. முழுமையாகச் சொன்னால் 'மின்னெதிர்ப்பு இயைவி'. யாப்பில் அடிகளின் இறுதி ஒன்றி வருவதை இயைபு என்கிறோம். அடியின் உள்ளே என்ன இருந்தாலும், ஈறு ஒத்தால் இயைபு. இந்தக் கருவியும் கேபிளின் ஒரு முனையில், டிரான்ஸீவர் பக்கத்தில் மட்டுமே, ஒப்புமையை உண்டாக்குகிறது. பெட்டிக்குள் இருப்பதை 'உள்ளமை இயைவி' என்றும், தனியே வைப்பதைப் 'புற இயைவி' என்றும் சொல்லலாம்.

அப்படியானால் 'சுருதி சேர்த்தல்' என்ற அழகான சொல்லை அதற்குரிய இடத்திலேயே வைத்துக்கொள்ளலாம். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 20 மீட்டர் கம்பியைக் கட்டி, அளவியைப் பார்த்தபடி இரு முனைகளிலும் விரற்கடை விரற்கடையாக நறுக்குகிறோமே, அந்த வேலைக்கு அது அப்படியே பொருந்தும். "இயைவி போட்டிருக்கிறேன், கம்பி இன்னும் சுருதி சேரவில்லை" என்று ஒருவர் அலையில் சொன்னால், கேட்பவருக்கு நிலைமை முழுவதும் விளங்கிவிடும்.