செட் பீஸ்: நிற்கும் பந்துக்குத் தமிழில் என்ன பெயர்?

ஆட்டம் நின்று, பந்தை ஓரிடத்தில் வைத்தோ கையில் எடுத்தோ மறுபடி தொடங்கும் கட்டத்தைக் கால்பந்தில் ‘செட் பீஸ்’ என்கிறோம். கார்னர் (மைதான மூலையிலிருந்து உதைப்பது), ஃப்ரீ கிக் (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் உதை), த்ரோ-இன் (பக்கக் கோட்டிலிருந்து கையால் எறிவது) எல்லாம் இதில் அடங்கும். பெனால்டியைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது கணக்குப் போடுபவரைப் பொறுத்தது. 2018 உலகக் கோப்பையில் அடிக்கப்பட்ட 169 கோல்களில் 73 இவ்வகை என்று சொல்லும்போது பெனால்டியும் அதற்குள் இருக்கிறது.

சொல் பிறந்தது மைதானத்தில் அல்ல. நாடக மேடையில் மரம், வாசல், பாறை என்று தனியாக நிறுத்தி வைக்கும் காட்சிப் பொருளுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். சட்டத்தில் கட்டி உருவமாக எரியவிடும் வாணவேடிக்கைக்கும் அதே பெயர்தான். இரு படைகளும் அணிவகுத்து நேருக்கு நேர் மோதும் போரையும் அப்படியே அழைத்தார்கள். ரக்பியில் ஸ்க்ரம்முக்கும் லைன்-அவுட்டுக்கும் இந்தச் சொல் உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கருத்து: முன்கூட்டியே அடுக்கி வைத்தது. பந்து நிற்கிறது என்ற செய்தி அந்தச் சொல்லில் இல்லவே இல்லை.

மற்ற மொழிகள் வேறு இடத்தில் கண் வைத்தன. ஸ்பானியரும் போர்ச்சுகீசியரும் ‘பலோன் பராதோ’, ‘போலா பராடா’ என்கிறார்கள். இரண்டுக்கும் பொருள் நின்ற பந்து. பிரெஞ்சில் அது நின்ற உதை. ஜெர்மானியர் ‘ஷ்டாண்டார்ட்சிட்டுவாட்சியோன்’ என்று சூழ்நிலையைப் பார்க்கிறார்கள். ஆக, ஆங்கிலம் திட்டத்துக்குப் பெயர் வைத்தது, ஸ்பானியம் பந்துக்கு வைத்தது, ஜெர்மன் நிலைமைக்கு வைத்தது.

தமிழில் ‘நிலை’ என்ற ஒரே சொல்லுக்குள் நிற்றலும் இருக்கிறது, நிலைமையும் இருக்கிறது. அதனால்தான் ‘நிலைப்பந்து’ பொருந்துகிறது. நிலைக்கண்ணாடி, நிலைக்கதவு போல இயல்பாக ஒட்டும். நிலைப்பந்துக் கோல், நிலைப்பந்துத் தற்காப்பு, நிலைப்பந்துப் பயிற்சியாளர் என்று நீட்டினாலும் நாக்கு தடுமாறாது. ‘நிலையான பந்து’ என்று எழுதினால் மாறாத பந்து என்று பொருள் திரிந்துவிடும். ஆங்கிலத்தின் ‘டெட் பால்’ என்பதை அப்படியே பெயர்த்த ‘செத்த பந்து’ வேண்டவே வேண்டாம். த்ரோ-இன்னில் பந்து கையில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். நின்றது ஆட்டம், அதனால் பெயர் செல்லும். ஆங்கிலச் சொல்லில் இருக்கும் திட்டம் என்ற பொருள் மட்டும் இதில் விடுபடுகிறது. அதைத் தனியாக ‘வகுத்த நகர்வு’ என்று சொல்லிவிடலாம். உண்மையில் அப்படிப் பிரித்துச் சொல்வதே நல்லது. நிலைப்பந்தைத் தடுக்கத் தெரியாத அணிகள் பெரும்பாலும் பந்தை மட்டும் பார்க்கின்றன, வகுத்த நகர்வைப் பார்ப்பதில்லை.

நம் புறத்திணையில் மதிலை வளைப்பது உழிஞை, மதிலைக் காப்பது நொச்சி. கார்னருக்கு எதிராக நிற்கும் பதினொரு பேரும் நொச்சி வீரர்கள்தாம். மதில்தான் சிறியது: 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம்.

காக்க இரண்டு வழி. இடத்தைப் பிரித்துக்கொண்டு நிற்பது மண்டலக் காவல். எதிரணி ஆளுக்கு ஓர் ஆள் என்று ஒட்டிக்கொள்வது ஆள் காவல். இன்று பெரும்பாலான அணிகள் இரண்டையும் கலக்கின்றன. வழக்கமான கலவை ஒன்று: பந்து வரும் பக்கத்துக் கம்பத்துக்கு முன்னால் ஒருவர், கோலிலிருந்து 5.5 மீட்டரில் இருக்கும் சிறிய பெட்டிக் கோட்டில் தலையால் நன்றாக முட்டக்கூடிய நால்வர், அவர்களுக்கும் பெனால்டிப் புள்ளிக்கும் நடுவே மூவர், பெரிய பெட்டியின் விளிம்பில் ஒருவர், முன்னால் ஒருவர். அந்த நடு மூவரின் வேலை பந்தை வெல்வது அல்ல, ஓடிவருபவரின் வேகத்தை உடைப்பது. அவர்களை நீக்கிவிட்டால் மண்டலக் காவலின் பெரிய ஓட்டை வெளியே வரும்: தாக்குபவர் சில மீட்டர் ஓடிவந்து குதிக்கிறார், காப்பவர் நின்ற இடத்திலிருந்து குதிக்கிறார். உயரம் சமமாக இருந்தாலும் ஓடிவந்தவர் மேலே போவார்.

ஆள் காவலின் ஓட்டை வேறு. காவலுக்கு நிற்பவரின் பாதையில் இன்னொரு எதிரணி வீரர் குறுக்கே நின்றால் போதும், ஆள் தப்பிவிடுவார். கூடைப்பந்திலிருந்து வந்த தந்திரம் இது; தமிழில் ‘குறுக்கீடு’ என்றே சொல்லலாம். 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசிலுக்கு எதிராக 11ஆம் நிமிடம் ஜெர்மனியின் டோனி குரூஸ் அடித்த கார்னரில் தாமஸ் முல்லர் தூரக் கம்பத்தருகே தன்னந்தனியாக நின்றார். அவரைத் தொடர வேண்டிய பிரேசிலின் டேவிட் லூயிஸ் கூட்டத்தில் சிக்கிக்கொண்டார். 7-1 அங்கே தொடங்கியது. தீர்வு சிக்கலானது இல்லை: குறுக்கீடு வந்த நொடியில் ‘மாத்து!’ என்று கத்தி ஆளைக் கைமாற்ற வேண்டும். பயிற்சியில் கத்திப் பழகாதவர்கள் ஆட்டத்தில் கத்துவதில்லை. குறுக்கீட்டுக்குப் பதிலாகச் சட்டையைப் பிடித்து இழுப்பது இன்னொரு வழி. வீடியோ நடுவர் வந்த பிறகு அது பெனால்டிக்கான நேர்வழி.

யாரை யாரிடம் விடுவது என்பதில்தான் மோசமான முடிவுகள் அதிகம். 1998 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பிரான்சின் சிதான் பிரேசிலுக்கு எதிராக 27ஆம் நிமிடம் ஒரு கார்னரில் தலையால் முட்டிக் கோல் அடித்தார். முதல் பாதியின் கூடுதல் நேரத்தில் எதிர்ப்பக்கக் கார்னரில் மறுபடி முட்டினார். ஒருமுறை அடித்த தலையை அதே பாதியில் இரண்டாவது முறை அடிக்கவிட்டது திட்டத்தின் தோல்வி. ஒருவரின் சறுக்கல் என்று ஒதுக்க முடியாது.

ஃப்ரீ கிக்குக்கு வருவோம். சுவர், அதாவது பந்தை மறித்து வரிசையாக நிற்கும் காப்பவர்கள், பந்திலிருந்து 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நேர் எதிரே, சுமார் 20 மீட்டர் தொலைவு என்றால் நான்கைந்து பேர். பக்கவாட்டுக் கோணம் என்றால் இரண்டு பேர் போதும். பந்தையும் அருகுக் கம்பத்தையும் இணைக்கும் கோட்டுக்குச் சற்று வெளியே கடைசி ஆள் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வளைத்து அடிப்பவருக்கு அந்தக் கம்பம் திறந்துவிடும். மூன்று பேருக்கு மேற்பட்ட சுவர் என்றில்லை, மூன்று பேர் இருந்தாலே எதிரணி வீரர்கள் அதிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்பது 2019இல் வந்த விதி. சுவர் குதிக்கும் என்று தெரிந்தால் அடியில் உருட்டிவிடுவார்கள்; ரொனால்டினோ 2006இல் வெர்டர் பிரேமன் அணிக்கு எதிராகச் செய்தது அதைத்தான். சுவருக்குப் பின்னால் ஒருவர் படுத்துக்கொள்வது அதற்கான மாற்று மருந்து.

பக்கவாட்டு ஃப்ரீ கிக்கில் நடக்கும் தவறு கண்ணுக்கு எளிதில் படாது. உதைப்பதற்கு முன்பே தற்காப்பு வரிசை கோலை நோக்கிப் பின்வாங்கிவிடும். ஃப்ரீ கிக்கில் ஆஃப்சைட் (தற்காப்பு வரிசையைத் தாண்டி முன்னே நின்று பந்தைப் பெறும் குற்றம்) உண்டு. கார்னரிலும் த்ரோ-இன்னிலும் பந்தை நேராகப் பெறுபவருக்கு இல்லை. இருக்கும் ஆயுதத்தைத் தானே கீழே போடுவதுதான் இந்தப் பின்வாங்கல். வரிசை பெரிய பெட்டியின் விளிம்பில், அதாவது 16.5 மீட்டரில் நிலைத்து நின்று, கால் பந்தைத் தொடும்போது இறங்க வேண்டும். முன்னதாக இறங்கினால் கோல் கீப்பரின் முன்னால் நெரிசல் கூடும், அவரால் வெளியே வர முடியாது.

பயிற்சியாளர் செய்யும் பிழைகளும் உண்டு. முன்னிலையில் இருக்கும்போது பதினொரு பேரையும் பின்னால் இழுப்பது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் முன்னே யாரும் இல்லையென்றால் எதிரணியும் பின்னால் ஆளை விடத் தேவையில்லை. அடித்து வெளியேற்றிய பந்தெல்லாம் திரும்பி வரும். ஒருவரை முன்னே விட்டால் அவர்கள் இருவரையாவது நிறுத்துவார்கள். கார்னரைத் தடுக்க நிற்கும்போது ஆளை மாற்றுவது இன்னொன்று: வந்தவருக்குத் தன் ஆள் யார் என்று புரிவதற்குள் பந்து வந்துவிடும். இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 2025இல் மாறிய விதிப்படி கோல் கீப்பர் 8 நொடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். நேரம் கடத்தப் போய் நிலைப்பந்தைத் தானமாகக் கொடுக்கும் வழி இது.

நிலைப்பந்து எங்கே முடிகிறது? உதைத்தவுடன் அல்ல. முதல் பந்தைத் தட்டிவிட்ட பிறகு விழுவது ‘இரண்டாம் பந்து’, கோல்கள் அங்கேயும் வருகின்றன. 2014 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் 36ஆம் நிமிடம் ரியல் மாட்ரிட் அணி அட்லெட்டிகோ மாட்ரிட்டின் ஒரு கார்னரைத் தலையால் வெளியே தள்ளியது. பந்து மறுபடி உள்ளே வந்தது. ரியலின் கோல் கீப்பர் கசியாஸ் முன்னே ஓடிவந்து பாதியில் நின்றார், அட்லெட்டிகோவின் கோடின் அவர் தலைக்கு மேலே முட்டினார். அதே ஆட்டத்தில் 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்த நேரத்தின் 3ஆம் நிமிடத்தில் மோட்ரிச்சின் கார்னரை ரியலின் ராமோஸ் முட்டிச் சமன் செய்தார். அட்லெட்டிகோ அப்போது மூன்று மாற்றுகளையும் செலவழித்துவிட்டிருந்தது. அதில் ஒன்று, காயத்தோடு இறக்கப்பட்ட டியேகோ கோஸ்டாவுக்காக 9ஆம் நிமிடத்திலேயே போனது. சமனானதால் அதன்பின் நீட்டித்து ஆடிய அரை மணி நேரத்தில் அந்த அணியிடம் கால்களே இல்லை, ரியல் 4-1 என்று வென்றது.

கார்னரில் இல்லாத ஆஃப்சைட், சக வீரர் பந்தைத் தொட்டதும் திரும்ப உயிர் பெறும். ஆகவே பந்து பெட்டிக்கு வெளியே போன நொடியில் கம்பத்தருகே நிற்பவர் உட்பட எல்லோரும் ‘வெளியே!’ என்ற கூவலோடு முன்னே ஓட வேண்டும். ஒரே ஒருவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் எதிரணி முழுவதற்கும் அவர் வழி திறந்துவிடுகிறார்.