ரசிகர், விசிறி, வெறியர்

மதுரைத் தல்லாகுளத்துச் சுவர்களில் பசை காயாத சுவரொட்டியின் அடியில், பெரும்பாலும் ‘இவண்’ என்று தொடங்கி ஒரு ரசிகர் மன்றத்தின் பெயர் இருக்கும். ‘ரஸ’ என்னும் வடசொல்லுக்குச் சாறு, சுவை என்பன பொருள். சோற்றில் ஊற்றும் ரசமும் அதுவே. சுவைத்துத் தரம் அறிபவர் ரசிகர். தமிழில் ‘சுவைஞர்’ எனலாம். கச்சேரியில் தலையசைப்பவருக்கு இச்சொல் பொருந்தும். தன் கல்லூரி அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துபவருக்குப் பொருந்தாது.

அவரை ஆங்கிலம் ‘ஃபேன்’ என்கிறது. அதை நாம் ‘விசிறி’ ஆக்கியது வெறும் ஒலி மயக்கம். சித்திரைத் திருவிழா வெயிலில் வீசிக்கொள்ளும் பனையோலை விசிறிக்கும் அதற்கும் உறவில்லை. ‘ஃபேனட்டிக்’ என்பதன் குறுக்கமே ‘ஃபேன்’ என்பர். இலத்தீனில் ‘ஃபானும்’ என்றால் கோயில். அங்கே தெய்வமேறித் தன்னை மறந்தவன் ‘ஃபனாட்டிகுஸ்’.

இதற்கு நேரான சொல் சங்கப் பாடல்களிலேயே உண்டு: வெறி. முருகு ஏறிய பூசாரியாகிய வேலன் ஆடுவது வெறியாட்டு. ‘கிரிக்கெட் வெறியன்’ என்று திருப்பரங்குன்றத்துப் பையன் தன் தம்பியைத் திட்டும்போது, அகராதிக்காரரைவிடச் சரியாக மொழிபெயர்த்துவிடுகிறான்.

வெறியாட்டுப் பாடல்களில் இன்னொன்றும் இருக்கிறது. மகள் மெலிந்தது காதலால். வேலனோ முருகனால் வந்த நோய் என்பான். தாய் நம்புவாள், களம் அமைப்பர், ஆட்டுக்குட்டி பலியாகும். பிழையான தீர்ப்பு வேலனுடையது என்றாலும், அதற்குக் களம் கொடுத்தவர்களுக்கும் அதில் பங்குண்டு. ‘கூட்டுப்பொறுப்பு’ என்று நாம் இன்று சொல்வதை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன்: குற்றத்தில் பங்கன்று, குற்றம் மறைந்திருக்க இடமளித்த ஆரவாரத்தில் பங்கு.

அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து அணியின் முன்னாள் துணைப் பயிற்சியாளர் சாண்டஸ்கி சிறுவர்களைச் சீரழித்ததாக 2011 நவம்பரில் குற்றம் சாட்டப்பட்டார். 2012 ஜூனில் 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. இடையில், புகார் காதுக்கு வந்தும் போதியது செய்யவில்லை என்று தலைமைப் பயிற்சியாளர் பேட்டர்னோ நீக்கப்பட்ட 2011 நவம்பர் 9 இரவில், மாணவர்கள் அவருக்காகத் தெருவில் திரண்டு தொலைக்காட்சி வேன் ஒன்றைக் கவிழ்த்தனர். அது வெறியாட்டு.

பாடல்களில் அந்த மகளின் தோழி காதல் என்ற உண்மையைச் சொல்லி ஆட்டத்தை நிறுத்துவதை இலக்கணம் ‘வெறிவிலக்கல்’ என்கிறது. அவள் அப்படி உண்மையை வெளிப்படுத்துவது ‘அறத்தொடு நிற்றல்’. பென் ஸ்டேட்டிலும், வேன் கவிழ்ந்த இரண்டு நாள் கழித்து, நவம்பர் 11 இரவில், ஆயிரக்கணக்கான மாணவர்கள் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்காக மெழுகுவத்தி ஏந்தி நின்றனர்.