பாட்டில் மூடியில் நிற்கும் ஊசி

இரவு பத்து மணி, ஆன்டிபயாட்டிக் போடும் நேரம். வார்டில் 32 நோயாளிகள், டூட்டியில் இரண்டே நர்ஸ்கள். மருந்து ட்ரேயில் 100 மில்லி சலைன் பாட்டில் ஒன்று இருக்கிறது. அதன் ரப்பர் மூடியில் ஓர் ஊசி குத்தியபடியே நிற்கிறது. பவுடர் மருந்தைக் கரைக்க வேண்டுமென்றால் சிரிஞ்சை அந்த ஊசியில் மாட்டி, வேண்டிய அளவு உறிஞ்சிக்கொண்டு, சிரிஞ்சை மட்டும் கழற்றிக்கொள்ளலாம். அடுத்த நோயாளிக்கும் அதே பாட்டில், அதே ஊசி. காலை டூட்டி வரும்வரை அது அப்படியே நிற்கும்.

நான் நர்ஸாகி இருபது வருடங்கள் ஆகின்றன. அதில் பாதிக்கு மேல் நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில்தான் வேலை. எந்த வார்டுக்குப் போனாலும் முதலில் என் கண் தேடுவது இந்த ஊசியைத்தான். சிறியதும் பெரியதுமாக நான் பார்த்த மருத்துவமனைகளில் இது இல்லாத இடம் குறைவு. செய்கிறவர்கள் அக்கறையில்லாதவர்கள் இல்லை. சீனியர் அக்கா செய்தார், பார்த்துக் கற்றுக்கொண்டோம், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

இதில் என்ன தவறு? மூடியைத் துளைத்து நிற்கும் ஊசி, பாட்டிலுக்குள் போக ஒரு திறந்த வழி. காற்றில் உள்ளது, கையில் உள்ளது, நாம் பேசும்போது தெறிப்பது எல்லாம் அதன் வழியாக உள்ளே போகலாம். மருந்தைக் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் சாதாரண சலைனில் கிடையாது. உள்ளே போன கிருமி சில மணி நேரத்தில் பெருகிவிடும். அந்தத் தண்ணீரைத்தான் நேராக ரத்தக் குழாய்க்குள் செலுத்துகிறோம். இரண்டு நாள் கழித்து நோயாளிக்குக் குளிர் காய்ச்சல் வந்தால், காரணம் பாட்டிலில் இருந்தது என்று யாருக்கும் தோன்றாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஒரு நோயாளியின் வென்ஃப்ளானை, அதாவது ரத்தக் குழாயில் பொருத்திய சின்னக் குழாயை, சலைன் செலுத்தி ஃப்ளஷ் செய்கிறோம். அடைப்பு போகவில்லை, இன்னும் 2 மில்லி வேண்டும். அதே சிரிஞ்சோடு பாட்டிலுக்குத் திரும்புகிறோம். "ஊசியைத்தான் மாற்றிவிட்டோமே, அப்புறம் என்ன?" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஊசியை மாற்றினால் போதாது. உடம்பிலிருந்து எடுக்கும்போதும் பிஸ்டன் லேசாக நகரும்போதும், கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் சிரிஞ்சுக்குள் ஏறிவிடும். ட்ரிப் செட்டில் மருந்து செலுத்தும் வாயான போர்ட்டில் போட்டோம், நரம்பிலிருந்து தள்ளித்தானே போட்டோம் என்பதும் பாதுகாப்பு இல்லை. அந்தச் சிரிஞ்சு பாட்டிலைத் தொட்ட நொடியில், ஒரு நோயாளியின் ரத்தம் மீதி 31 பேருக்கும் பொதுவாகிவிடுகிறது.

இது கற்பனை பயம் இல்லை. 2008இல் அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் எண்டோஸ்கோப்பி செய்யும் ஒரு மையத்தில் தெரிய வந்தது இதுதான். மயக்க மருந்து கூடுதலாகத் தேவைப்பட்டபோது ஊசியை மட்டும் மாற்றி, அதே சிரிஞ்சால் புரொபோஃபால் என்ற அந்த மருந்தின் வையலிலிருந்து (ரப்பர் மூடியுள்ள சின்னக் குப்பி) மறுபடி எடுத்தார்கள். ஒருவருக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டிய அந்த வையலில் மீதி இருந்ததை அடுத்த நோயாளிக்கும் போட்டார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி பரவியது. அங்கே சிகிச்சை பெற்ற 50,000 பேருக்கும் மேற்பட்டவர்களைக் கூப்பிட்டு, ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. பணமும் வசதியும் படித்த ஊழியர்களும் இருந்த ஊர் அது.

நம் நாட்டில் ஊசியால் தொற்று என்றால், 2009இல் குஜராத்தின் மொடாசாவில் பரவிய ஹெபடைடிஸ் பி பலர் நினைவுக்கு வரும். பயன்படுத்திய சிரிஞ்சுகள் மறுபடி பயன்பட்டதே அதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது. பல பத்துப் பேர் இறந்தார்கள். 2018இல் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவில் பலருக்கு எச்.ஐ.வி. தொற்று தெரிய வந்து, போலி மருத்துவர் ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. இந்தச் செய்திகளைப் படிக்கும்போது "நம் மருத்துவமனையில் அப்படியெல்லாம் நடக்காது" என்று தோன்றும். ஒரே சிரிஞ்சை இருவருக்கு நாம் போடுவதில்லை, உண்மைதான். ஆனால் பொதுப் பாட்டில் அதே வேலையைச் செய்துவிடுகிறது.

மாற்று வழி எளிது. 10 மில்லி சலைன் ஆம்பூல் (ஒருமுறை உடைத்துப் பயன்படுத்தும் சின்னக் குப்பி) கிடைக்கிறது. ஒரு நோயாளி, ஒரு ஆம்பூல், மீதியைக் கொட்டிவிடலாம். வீணாகிறதே என்று ஸ்டோரில் முகம் சுளிப்பார்கள். ரத்தத்தில் தொற்று வந்த ஒரு நோயாளிக்கு ஐ.சி.யூ.வில் ஆகும் ஒரு நாள் செலவை அவர்கள் முன் வைத்துப் பாருங்கள், நான் அப்படிச் சொல்லித்தான் வாங்கினேன். இன்சுலின், ஹெப்பாரின் போன்ற, பலமுறை எடுத்துப் போடும் மல்டி-டோஸ் வையல்களை முடிந்தவரை ஒரு நோயாளிக்கே ஒதுக்குங்கள். திறந்த தேதியை மேலே எழுதுங்கள். தயாரிப்பாளர் வேறு கெடு சொல்லாவிட்டால் 28 நாளில் தூக்கிப் போட வேண்டும். தேதி இல்லாத திறந்த வையலைக் கண்டால் யோசிக்கவே வேண்டாம், குப்பைதான். இன்சுலின் பேனாவை, ஊசி மாற்றினாலும், இன்னொருவருக்குப் போடவே கூடாது.

பஞ்சு டப்பாவையும் சொல்ல வேண்டும். காலையில் ஸ்பிரிட் ஊற்றி நனைத்து வைத்த பஞ்சை எல்லோரும் நாள் முழுக்கக் கைவிட்டு எடுப்போம். உலக சுகாதார நிறுவனம் இதை வேண்டாம் என்கிறது. கையில் உள்ள கிருமி அதில் சேர்ந்துவிடும், ஸ்பிரிட்டும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்தந்த நேரம் புதுப் பஞ்சில் ஊற்றி, 30 நொடி துடைத்து, 30 நொடி காயவிட வேண்டும். காயும் முன் குத்தினால் துடைத்ததற்குப் பலன் குறைவு, எரிச்சலும் அதிகம்.

இனி நம்மைப் பற்றி.

படிப்பை முடித்த இரண்டாவது வருடம், ஒரு நைட் டூட்டியில் ரத்தம் எடுத்துவிட்டு ஊசிக்கு மூடி போடப் போனேன். மூடியைத் தாண்டி இடது ஆள்காட்டி விரலில் இறங்கியது. பயத்தில் விரலைப் பிதுக்கிப் பிதுக்கி ரத்தம் எடுத்தேன், ஸ்பிரிட் ஊற்றினேன், யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் "பார்த்துச் செய்யத் தெரியாதா?" என்பார்கள் என்று பயம். மூன்று மாதம் தூக்கம் இல்லை. செய்தது எல்லாமே தவறு என்று பிறகுதான் தெரிந்தது.

பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது, ஸ்பிரிட்டோ பிளீச்சிங்கோ ஊற்றக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். உடனே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். அந்த நோயாளியின் ரத்தத்தையும் உங்கள் ரத்தத்தையும் பரிசோதிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது; 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை; மொத்தம் 28 நாள் சாப்பிட வேண்டும். தனியார் மருத்துவமனையில் மருந்து கைவசம் இல்லையென்றால் அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையமும், எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையமும் அங்கே இருக்கின்றன. ஊழியர்களுக்குப் பாதுகாப்பான சூழலும் இந்தத் தடுப்பு மருந்தும் தர வேண்டியது நிர்வாகத்தின் சட்டக் கடமை. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. கெஞ்சிக் கேட்க வேண்டிய சலுகை இல்லை அது.

எல்லோரும் எச்.ஐ.வி.க்குத்தான் பயப்படுகிறோம். ஆனால் எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால், அது தொற்ற வாய்ப்பு 0.3 சதவீதம். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குப் போட்ட ஊசி, தடுப்பூசி போடாதவரைக் குத்தினால் தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை போகும். காய்ந்த ரத்தத்தில்கூட அந்த வைரஸ் ஏழு நாள் உயிரோடு இருக்கும். இதற்குத்தான் நல்ல தடுப்பூசி இருக்கிறதே! முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என மூன்று டோஸ். மூன்றாவது டோஸ் போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் டைட்டர், அதாவது ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று, பாருங்கள். 10க்கு மேல் இருக்க வேண்டும். இரண்டு டோஸோடு விட்டவர்கள் எல்லா வார்டிலும் இருக்கிறார்கள்.

ஊசிக்கு மூடி திரும்பப் போடாமல் இருக்க வேண்டுமென்றால், ஊசியை வெட்டும் கருவியான ஹப் கட்டர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வராண்டாவின் கோடியில் ஒன்றை வைத்துவிட்டு "மூடாதீர்கள்" என்று போஸ்டர் ஒட்டுவதில் பயன் இல்லை. திறந்த ஊசியோடு அவ்வளவு தூரம் யார் நடப்பார்கள்? ட்ராலியிலேயே இருக்கட்டும். வெட்டிய ஊசி வெள்ளை டப்பாவில், சிரிஞ்சு சிவப்பில், வையலும் ஆம்பூலும் நீலத்தில். வெள்ளை டப்பா முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிடுங்கள். அமுக்கி அடைக்கும்போதுதான் கையில் குத்துகிறது. சிவப்புப் பையில் தவறி விழும் ஊசி நம்மைக் குத்தாது. பையைத் தூக்கும் துப்புரவுப் பணியாளர் அக்காவின் தொடையில் குத்தும். அவருக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று யாராவது கேட்டிருக்கிறோமா? போன வருடம் எங்கள் பட்டியலில் முதலில் அவர்கள் பெயர்களைத்தான் எழுதினேன்.

சென்ற மாதம் ஒரு பெரியவர், ஊசி போட வந்த சின்ன நர்ஸிடம் "புது ஊசிதானேம்மா?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னை நம்பாமல் கேட்கிறார் அக்கா" என்று வந்து சொன்னாள். கேட்டது அவர் உரிமை என்று சொல்லி, அவளோடு நானும் படுக்கைக்குப் போனேன். "பாருங்கய்யா" என்று சீல் பிரியாத கவரை அவர் கண் முன்னால் பிடித்துக் காட்டினாள். அவர் தலையாட்டியதும் பிரித்தாள். இப்போது யாரும் கேட்காவிட்டாலும் எல்லாப் படுக்கையிலும் அப்படித்தான் செய்கிறாள்.