ஜெனரேட்: உருவாக்குவதா, பிறப்பிப்பதா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டார்: "அண்ணே, எக்லிப்ஸ்ல ஜெனரேட் கெட்டர்ஸ் அண்ட் செட்டர்ஸ்னு வருதே, அந்த ஜெனரேட்டுக்குத் தமிழ்ல என்ன?" (எக்லிப்ஸ், ஜாவா நிரல் எழுத உதவும் மென்பொருள். கெட்டர் ஒரு மதிப்பை எடுத்துத் தரும் மெத்தடு, அதாவது சின்ன நிரல் துண்டு; செட்டர் அந்த மதிப்பை மாற்றுவது.) உருவாக்கு என்று சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு உறுத்தியது. கிரியேட்டுக்கும் உருவாக்கு, மேக்குக்கும் உருவாக்கு, பில்டுக்கும் உருவாக்கு என்று எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லின் தலையிலேயே கட்டிவிட்டோம், பாவம்.

அந்த வரியைத் தட்டினால் திறக்கும் டயலாக் என்ன செய்கிறது என்று பார்த்தால் சரியான சொல் தானாகப் பிடிபடும். (டயலாக்குக்கு உரையாடல் பெட்டி என்ற பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது, அதில் எனக்குச் சண்டை இல்லை.) ஜாவாவில் பானம் என்று ஒரு கிளாஸ் (பொருளை வார்க்கும் அச்சு மாதிரி), உள்ளே பெயர், விலை, ஐஸ் உண்டா இல்லையா என்று மதிப்புகளை வைக்க மூன்று ஃபீல்டு. சோர்ஸ் மெனுவில் அந்த வரியைத் தட்டினால் பெட்டி திறக்கும். ஒவ்வொரு ஃபீல்டையும் விரித்தால் கெட்டருக்குத் தனியாக ஒரு கட்டம், செட்டருக்குத் தனியாக ஒரு கட்டம் இருக்கும். விலையை வெளியிலிருந்து யாரும் மாற்றக் கூடாது என்றால் அதன் செட்டரில் மட்டும் டிக் போடாமல் விடலாம். எந்த இடத்தில் செருகுவது, பப்ளிக்கா பிரைவேட்டா (வெளியிலிருந்து கூப்பிடலாமா, கூடாதா) என்பதையும் கீழே கேட்கும். கடைசிப் பட்டனை அழுத்தினால் மெத்தடுகள் வரிசையாக வந்து விழும். எதுவும் ஒன்றுமில்லாததிலிருந்து வரவில்லை. ஐஸ் பூலியன் (ஆம், இல்லை என்று இரண்டே மதிப்பு) என்பதால் அதன் கெட்டர் 'கெட்' என்று தொடங்காமல் 'இஸ்' என்று தொடங்கும், அவ்வளவு தூரம் தாய் ஃபீல்டின் சாயல்.

சொல்லின் வேரும் இதையேதான் சொல்கிறது. லத்தீனில் ஜெனெராரே என்றால் பெற்றெடுப்பது, அதற்குப் பின்னால் பிறப்பு, குலம் என்ற பொருளில் ஜெனுஸ். ஜனனம், ஜன்மம் என்று நம் வாயில் புழங்கும் சமஸ்கிருதச் சொற்களுக்கும் அதே மூல வேர்தான். நம் ஊரில் இன்னொரு வேடிக்கை, மலாயில் ஜெனரேட்டுக்கு 'ஜானா', அதுவும் சமஸ்கிருத வழி. 2020 ஜூனில் அரசாங்கம் அறிவித்த பொருளாதார மீட்புத் திட்டத்தின் பெயர் பென்ஜானா, நினைவிருக்கும். ஆக லத்தீனும் மலாயும் பிறப்பைத்தான் பேசுகின்றன, நாம் மட்டும் உருவாக்கிக்கொண்டிருக்கிறோம்.

படி, படிப்பி என்பதுபோல பிற, பிறப்பி. "நீதிமன்றம் உத்தரவு பிறப்பித்தது" என்று பேப்பரில் தினமும் படிக்கிறோமே, அதே சொல். இலங்கைத் தமிழர்கள் ஜெனரேட்டரை மின்பிறப்பாக்கி என்கிறார்கள். அப்படியானால் கோட் ஜெனரேஷன் நிரல் பிறப்பித்தல், பட்டனில் பிறப்பி. நான்கே எழுத்து, பட்டனில் அழகாக அடங்கும்.

தம்பிக்குச் சிரிப்பு. "பிரசவ வார்டு மாதிரி இருக்குண்ணே."

இருக்கட்டுமே. பெற்ற பிள்ளை அப்புறம் தன் வழியில் போகும், அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அதே மெனுவில், இரண்டு பொருள்கள் ஒன்றுதானா என்று பார்க்க உதவும் ஈக்குவல்ஸ், ஹாஷ்கோட் இரண்டையும் முன்பே பிறப்பித்து வைத்திருந்தேன். பிறகு பானத்தில் சீனி என்று நான்காவதாக ஒரு ஃபீல்டு சேர்த்தேன். பழைய இரண்டு மெத்தடுகளுக்கும் சீனியைப் பற்றி ஒன்றும் தெரியாது, எக்லிப்ஸும் வந்து சொல்லாது. விளைவு, சாதாரண தே தாரிக் தேநீரும் சீனி குறைத்த குராங் மானிஸும் ஒரே பானம் என்று, ஒரே பொருளை இருமுறை வைக்காத ஹாஷ்செட் முடிவுகட்டி, இரண்டாவதைச் சேர்க்கவே மறுத்துவிட்டது. அரை நாள் தேடினேன். பழையதை அழித்துவிட்டு, பெட்டியைத் திறந்து, சீனிக்கும் டிக் போட்டு மறுபடி பிறப்பித்த பிறகுதான் இரண்டும் தனித்தனியாக உள்ளே போயின.