கார்ட்ரிட்ஜ்: பொதியுறையா, மைக்கூடா?

வீட்டு போட்டோ பிரிண்டரில் மை தீர்ந்தால் 'கார்ட்ரிட்ஜ் ரீஃபில் பண்ணணும்' என்கிறோம். இதில் கார்ட்ரிட்ஜ் என்ற சொல் போர்க்களத்திலிருந்து வந்தது. காகிதத்தைக் குறித்த கிரேக்கச் சொல் லத்தீனில் 'கார்ட்டா' ஆகி, இத்தாலியில் காகிதச் சுருளுக்குப் பெயராகி, பிரெஞ்சில் 'கார்டூஷ்' ஆயிற்று. ஆங்கிலேயர் வாயில் அது கார்ட்ரிட்ஜ். ஒருமுறை சுடுவதற்கான வெடிமருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டி வைப்பார்கள். அந்தச் சுருளுக்குத்தான் இந்தப் பெயர். 1857-இல் சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்த, கொழுப்புத் தடவிய தோட்டாவும் அதேதான்.

அளந்து அடைத்து, அப்படியே கருவிக்குள் செருகும் பொருள்களுக்கெல்லாம் பின்னர் அந்தப் பெயர் பரவியது. 1984-இல் ஹெச்பி திங்க்ஜெட் பிரிண்டர் வந்தபோது மையும் அதைத் தாளில் தெளிக்கும் அச்சுமுனையும் ஒரே கார்ட்ரிட்ஜில் இருந்தன. தீர்ந்ததும் மொத்தமாகக் கழற்றிப்போட வேண்டியதுதான்.

தமிழில் தோட்டா துப்பாக்கிக்கே உரியதாகிவிட்டது. கலைச்சொல் பட்டியல்களில் 'பொதியுறை' என்று இருக்கிறது. பழைய காகிதச் சுருளுக்கு அது கச்சிதம். ஆனால் உறை என்றதும் தலையணை உறையும் கடித உறையும்தான் நினைவுக்கு வருகின்றன. கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி வருவதில்லை. என் தேர்வு, நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் மைக்கூடு.

மூவண்ணக் கார்ட்ரிட்ஜின் மேல் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள். சிறு துளைகள் தெரியும். அவற்றின் கீழே மூன்று தனி அறைகள், ஒவ்வொன்றிலும் ஸ்பாஞ்ச். எந்தத் துளை எந்த நிறத்துக்கு என்பதைப் பல்குச்சியை நுழைத்துப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக மையை இறக்க வேண்டும். வேகமாக அழுத்தினால் ஸ்பாஞ்சில் காற்றுக்குமிழ் சிக்கி, அச்சில் வெள்ளைக் கோடு விழும். துளை வாயில் மை ததும்பினால் நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் பக்கத்து அறை நிறத்தோடு கலந்து படம் கெட்டுவிடும். அச்சுமுனையை டிஷ்யூ பேப்பரில் மெல்ல ஒற்றினால் மூன்று நிறமும் தனித்தனிப் பட்டையாகப் பதிய வேண்டும். அறை பிரித்து மையைத் தேக்கி வைக்கும் இந்தப் பெட்டியைக் கூடு என்பதில் என்ன தவறு?

மையிலும் இரண்டு வகை உண்டு: நீரில் கரைந்த சாய மை, கரையாத நுண்துகள் மிதக்கும் நிறமி மை. சாய மைக்கான கூட்டில் நிறமி மையை ஊற்றினால் அச்சுமுனையின் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும். புட்டியில் எது என்று பார்த்து வாங்குங்கள்.

'ரீஃபில்' என்றால் நம்மூரில் பால்பாயின்ட் பேனாவின் உள்குழலும்தான். அதன் வினைக்கு 'மீள்நிரப்பல்' என்று சிலர் எழுதுகிறார்கள். 'மீள்' எதற்கு? தீர்ந்தால் ஊற்றுவதுதான் மைக்கூட்டின் வழக்கம். மை நிரப்புதல் என்றாலே போதும்.

புட்டியிலிருந்து நேராக மை ஊற்றும் எப்சன் எல் வரிசை போன்ற பிரிண்டர்களுக்கு மைத்தொட்டி பிரிண்டர் என்ற பெயர் பொருந்தும். அங்கே மைக்கூடு என்று சொல்ல வேண்டியதில்லை.