ஸ்டெம் செல்: தண்டா, குருத்தா?

ரத்தப் புற்றுநோய், தலசீமியா, அப்லாஸ்டிக் அனீமியா என்று எந்த ரத்த நோயைப் பற்றிப் பேச்செடுத்தாலும் 'ஸ்டெம் செல்' என்ற சொல் வந்துவிடும். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் தங்கி, எல்லா ரத்த அணுக்களையும் உண்டாக்கும் அணுவைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். தமிழில் அதைத் தண்டு செல், தண்டணு, மூல உயிரணு, குருத்தணு என்று பலவிதமாக எழுதுகிறார்கள். முதல் இரண்டையும் விட்டுவிட வேண்டும் என்பேன். 'தண்டு' என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தண்டுவடம். 'தண்டு செல் தானம்' என்று கேட்டதும் முதுகில் ஊசி போடுவார்கள் என்று ஒருவர் பயந்து விலக அந்தச் சொல்லே போதும். உண்மையில் தண்டுவடத்துக்கும் இந்தத் தானத்துக்கும் தொடர்பே இல்லை. சில நாள் ஒரு மருந்தை ஊசியாகப் போட்டு, அணுக்களை ரத்தத்துக்கு வரவழைத்து, இயந்திரத்தில் பிரித்தெடுப்பார்கள். இல்லாவிட்டால் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து மஜ்ஜையை எடுப்பார்கள்.

சரி, 'ஸ்டெம்' எப்படி வந்தது? ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1868இல் 'ஷ்டாம்ட்ஸெல்லே' என்று எழுதினார். 'ஷ்டாம்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு அடிமரம் என்றும் பொருள், குலம் என்றும் பொருள். எல்லா உயிர்களுக்கும் மூதாதையான ஓரணு உயிரைத்தான் அவர் அப்படி அழைத்தார். பிறகு கருவுற்ற முட்டைக்கும் அதே பெயரைக் கொடுத்தார். ஆக, பிறந்தபோது அந்தச் சொல்லில் இருந்தது குலமுதல் என்ற பொருள். ரத்த ஆய்வாளர்கள் பின்னால் அதை எடுத்துக்கொண்டார்கள். எல்லா ரத்த அணுக்களும் ஒரே பொது அணுவிலிருந்து வருகின்றன என்று 1909இல் சொன்னவர் ரஷ்ய ஆய்வாளர் அலெக்சாண்டர் மக்சிமோவ்.

அப்படி ஓர் அணு இருப்பதைச் சோதனையில் காட்டியவர்கள் கனடாவின் டொராண்டோவில் பணியாற்றிய ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் இருவரும். கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜை அணுக்களை ஊசி மூலம் செலுத்தினார்கள். சுமார் பத்து நாளில் மண்ணீரலில் சிறு முடிச்சுகள் தோன்றின. பல முடிச்சுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை ரத்த அணுக்கள்! 1961இல் இதை வெளியிட்டார்கள். ஒரு முடிச்சு முழுவதும் ஒரே அணுவின் வழித்தோன்றல் என்பது 1963இல் உறுதியானது. தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்குவது, வேறு வகை அணுக்களாகவும் மாறுவது என்ற இரண்டு குணங்கள்தான் இன்றும் இந்தச் சொல்லின் இலக்கணம்.

இந்த இடத்தில்தான் 'குருத்து' எவ்வளவு பொருத்தம் என்று தெரிகிறது. பனையின் உச்சியில் இருக்கும் குருத்திலிருந்துதான் ஒவ்வோர் ஓலையும் விரிகிறது. விரிந்தது முதிர்ந்து விழும். குருத்து அங்கேயே இருந்து அடுத்ததைத் தரும். குருத்து அழிந்தால் மரமே பட்டுப்போகும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், ரத்தம் உறைய உதவும் தட்டணுவுக்குப் பத்து நாள்கூடக் கிடையாது. உதிர்வதை ஈடுகட்ட நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்கள் புதிதாக வர வேண்டும். அத்தனையும் மஜ்ஜைக்குள் இருக்கும் சொற்பமான குருத்தணுக்களின் வழி வந்தவை. 'மூல உயிரணு' தவறில்லை, ஹெக்கலின் பொருளுக்கு அதுதான் நெருக்கம். ஆனால் தொடர்ந்து துளிர்ப்பது அதில் தெரியவில்லை. குருத்தெலும்போடு குழம்பாதா என்று கேட்கலாம். முழுச் சொல்லாகப் புழங்கினால் குழம்பாது.

மஜ்ஜை வடமொழிச் சொல். சித்த மருத்துவம் ஏழு உடல் தாதுக்களில் எலும்புக்கு அடுத்ததாக வைக்கும் 'மூளை' இதுதான். இன்று மூளை என்றால் தலைக்குள் இருப்பது மட்டும் என்றாகிவிட்டதால், மஜ்ஜையே இருக்கட்டும்.

அப்புறம், 'மஜ்ஜை மாற்று அறுவை சிகிச்சை' என்ற வழக்கு. இதில் திருத்தம் கட்டாயம் வேண்டும். நோயாளிக்கு இங்கே அறுவை எதுவும் இல்லை. முதலில் கடுமையான மருந்தோ கதிர்வீச்சோ கொடுத்துப் பழைய மஜ்ஜையை ஒடுக்குவார்கள். பிறகு குருத்தணுக்களை ரத்தம் ஏற்றுவது போலவே நாளம் வழியாகச் செலுத்துவார்கள். அவை தாமாகவே எலும்புக்குள் போய்ச் சேரும். 'குருத்தணு மாற்றுச் சிகிச்சை' என்றால் போதும். ஆங்கிலத்தின் 'டிரான்ஸ்பிளான்ட்' என்பதும் பிடுங்கி நடுவதைக் குறித்த சொல்தான். நட்டது பிடித்ததா என்று பார்க்கும் கட்டத்தை 'வேர்பிடித்தல்' என்று சொல்லலாம். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு மைக்ரோலிட்டருக்கு 500க்குக் குறையாமல் தொடர்ந்து மூன்று நாள் இருந்தால் வேர்பிடித்துவிட்டது என்று கணக்கு. பெரும்பாலும் அதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும்.