குவிக்கனிங்: தமிழ்ல என்னன்னு சொல்றது?

வயித்துல புள்ள அசையுறத தாய் மொத தடவ உணருறதுதான் குவிக்கனிங். தலப்பிள்ளைன்னா 18–20 வாரம் ஆகும், ரெண்டாவதுன்னா 16லயே கண்டுபிடிச்சிடுவாங்க, ஏன்னா ஆரம்பத்துல அது உதை மாதிரியெல்லாம் இருக்காது, வயித்துல வாயு ஓடுற மாதிரிதான் இருக்கும், பழகுனவங்களுக்குத்தான் புரியும்.

குவிக்னா இன்னைக்கு வேகம், ஆனா பழைய இங்கிலீஷ்ல உயிரோட இருக்குறதுன்னு அர்த்தம் (பாதரசத்த குவிக்சில்வர்னு சொல்றதும் அதான், உயிருள்ள வெள்ளி). அசைஞ்சாத்தான் உயிர்னு நம்புன காலத்து வார்த்தை, அப்படியே சட்டத்துக்குள்ளயும் போயிடுச்சு. இங்கிலாந்துல 1803 சட்டப்படி அசைவுக்கு அப்புறம் கருவ கலைச்சா மரண தண்டனை, முன்னாடின்னா அதவிட கம்மி. 1837ல அவங்களே அந்தக் கோட்ட அழிச்சிட்டாங்க. ஆனா நமக்கு 1860ல போட்டுக்குடுத்த இந்தியன் பீனல் கோடு (குற்றச் சட்டம்) 312வது பிரிவுல மறுபடி அதே கோடு: சாதாரணமா 3 வருஷம் வரை, "குவிக் வித் சைல்ட்"னா, அதாவது அசைவு தெரிஞ்சப்புறம்னா, 7 வருஷம் வரை. இப்ப அதுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 88வது பிரிவுலயும் அப்படியே இருக்கு. டாக்டர் வச்சு சட்டப்படி பண்றதுக்கு 1971 எம்டிபி சட்டம் (கருக்கலைப்புச் சட்டம்) தனி, அது வாரக்கணக்கு பாக்கும், அசைவ பாக்காது.

பொறக்காத புள்ளைக்கு நம்ம கடமை எந்த நாள்ல ஆரம்பிக்குதுன்னு இந்தக் கோட்ட வச்சு முடிவு பண்ண முடியாதுங்குறதுதான் என் கருத்து. நஞ்சுக்கொடி முன்பக்கமா இருந்தா அசைவு லேட்டாத்தான் தெரியும், அதுக்காக அந்தப் புள்ளைக்கு உயிரே லேட்டா வந்துச்சுன்னா சொல்லுவோம்? ஆனா ஒண்ணு, அசைவு வந்துச்சா இல்லையான்னு சொல்ல தாய் ஒருத்தியாலதான் முடியும். வாரக்கணக்கு வந்தப்புறம் அந்த இடத்துல ஸ்கேனும் டாக்டரும், 24 வாரம் தாண்டினா மெடிக்கல் போர்டும் உக்காந்துக்கிச்சு.

சரி, தமிழ்? கருவுயிர்ப்புன்னு போட ஆசையாத்தான் இருக்கும். போடாதீங்க, கருவுயிர்த்தல்னா பழந்தமிழ்ல பெத்தெடுக்குறது, அர்த்தமே தலகீழாயிடும். கரு அசைவுன்னா ஒம்பதாம் மாசம் எண்ணச் சொல்றாங்களே, அதுவும் அதுதான். அதனால முதலசைவு. செக்கப்ல "அசைவு தெரியுதாம்மா"ன்னு கேக்குற வார்த்தைதானே, யாருக்கும் விளக்க வேண்டாம். சட்டத்துல வர்ற "குவிக் வித் சைல்ட்"டுக்கு "அசைவு உணர்ந்த கர்ப்பிணி"ன்னு போடலாம். "உயிருள்ள கருவைச் சுமப்பவள்"னு எழுதினா, அதுக்கு முந்தின நாலு மாசமும் உயிரில்லாத கருவா சுமந்தான்னு எவனாவது கோர்ட்ல கேப்பான்.